மவுஸைத் தொடாதீர்கள்: லீவில் பிள்ளைகளுக்கு ஒரு கோடிங் கேம்ப் நடத்த

முழுப்பரீட்சை லீவு விட்டால் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் பழக்குகிற ஐந்து நாள் கோடிங் கேம்ப் நடக்கும். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சில வருடங்களாக நடத்துகிறோம், கட்டணம் கிடையாது, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் பாதி விட்டுப்போகிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. பிள்ளையின் மவுஸில் பெரியவர் கை படக் கூடாது. சொல்லித்தர வருகிற அண்ணன், அக்கா எல்லோரிடமும் முதல் நாளே இதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை திணறிக்கொண்டு நிற்கும்போது நமக்குக் கை பரபரக்கும், மூன்று கிளிக்கில் சரிசெய்துவிடுவோம், பிள்ளையும் "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆனால் அந்த மூன்று கிளிக்கில் அது கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இந்த மெஷின் அண்ணன் சொன்னால் கேட்கும், நான் சொன்னால் கேட்காது. அந்த எண்ணத்தை உடைக்கத்தான் கேம்ப் நடத்துகிறோம். எங்களுடைய முதல் வருடத்தில் இது தெரியாமல், சுற்றிச் சுற்றி வந்து எல்லோருடைய புரோகிராமையும் நாங்களே முடித்துக் கொடுத்தோம். கடைசி நாள் பெற்றோர் வந்து "இது எப்படிம்மா ஓடுது?" என்று கேட்டபோது பாதிப் பிள்ளைகளுக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பேசித்தான் இந்த விதியைப் போட்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள், வாயால் கேள்வி கேளுங்கள்.

ஏன் ஆறிலிருந்து எட்டு வரை என்று கேட்பார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் தனிப் பாடமாக வருவது பதினொன்றாம் வகுப்பில்தான், அதுவும் அந்த குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். அங்கே போனதும் சி பிளஸ் பிளஸ் என்ற புரோகிராம் மொழி, அடுத்த வருடம் பைத்தான் என்ற இன்னொரு மொழி. பதினாறு வயதுக்குள் "கம்ப்யூட்டர் எல்லாம் எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிவிட்டால் அந்த குரூப் பக்கமே திரும்பாது. பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு முடிவு இன்னும் யாரிடமும் இருக்காது. விளையாடிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்கிற பெற்றோருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அந்த வயதுக்கென்றே ஸ்கிராட்ச் ஜூனியர் என்று டேப்லெட்டில் ஓடுகிற ஒரு செயலி இருக்கிறது, வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து அதில் விளையாடட்டும்.

எத்தனை பேர், எத்தனை மெஷின்

பதினாறு பிள்ளைகள், எட்டு கம்ப்யூட்டர், நான்கு பேர் சொல்லித்தர. இதற்கு மேல் போகாதீர்கள். நாற்பது பேரைச் சேர்த்தால் போட்டோ நன்றாக வரும், பிள்ளைகளுக்கு ஒன்றும் போய்ச்சேராது. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் என்பது கம்ப்யூட்டர் பற்றாமல் செய்கிற சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம், எங்களிடம் பதினாறு இருந்தாலும் அப்படித்தான் உட்கார வைப்போம். ஒருத்தர் கையில் மவுஸ், இன்னொருத்தர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விசில், விசில் அடித்ததும் இடம் மாற வேண்டும். வாயால் சொல்லும்போதுதான் தனக்குப் புரிந்தது எது, புரியாதது எது என்று பிள்ளைக்கே தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் விசில் அடித்த பிறகும் பல நேரம் மவுஸ் பையன் கையிலேயே இருக்கும். பெண் பிள்ளைகளை ஜோடியாகப் போட்டுப் பாருங்கள், இரண்டாம் நாளிலேயே வித்தியாசம் தெரியும். சொல்லித்தருகிறவர்களில் பாதிப் பேராவது அக்காக்களாக இருக்கட்டும். நேரத்தை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரைக்குள் வைத்தால் வெயில் ஏறுவதற்குள் வீடு போய்விடலாம், பெண் பிள்ளைகளை அனுப்பவும் வீட்டில் தயங்க மாட்டார்கள்.

சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்களைக் கேளுங்கள், சந்தோஷமாக வருவார்கள். பெரிய புரோகிராமராக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, பொறுமை இருந்தால் போதும். முந்தின நாள் சாயங்காலம் அவர்களை உட்கார வைத்து, பிள்ளைகள் செய்யப்போகிற எல்லாவற்றையும் ஒரு முறை அவர்களே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மென்பொருளுக்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது, காசு கிடையாது, வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டினால் புரோகிராம் ஆகிவிடும். கமா விட்டுப்போச்சு, ஸ்பெல்லிங் தப்பு என்கிற தொல்லை இல்லை. இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிற டெஸ்க்டாப் செயலியை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் எல்லா மெஷினிலும் இரண்டு நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். அதற்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். பழைய மெஷினாக இருந்தால் ஸ்கிராட்ச் 1.4 என்ற பழைய பதிப்பு ஓடும், அதில் செய்ததைப் புதியதில் திறக்கலாம், ஆனால் புதியதில் செய்ததைப் பழையதில் திறக்க முடியாது. அதனால் பாதி மெஷின் பழசு, பாதி புதுசு என்று கலந்து வைத்தால் மூன்றாம் நாள் யார் கோப்பு எங்கே என்று தலைவலி வரும். பிள்ளைகள் பெயரில் ஆன்லைன் கணக்கு எதுவும் தொடங்காதீர்கள், தேவையே இல்லை, கோப்பை மெஷினிலேயே சேமித்து பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்தால் போதும். உபரியாக மூன்று மவுஸ், நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு வாங்கி வையுங்கள். கரன்ட் எப்போது வேண்டுமானாலும் போகும், அதனால் விசில் அடிக்கும்போதெல்லாம் முதலில் சேவ், அப்புறம்தான் இடம் மாறுவது என்று பழக்கிவிடுங்கள்.

நாங்கள் கட்டைகளில் இருக்கிற சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டோம், பிறகு பைத்தானுக்குப் போகும்போது இஃப் மாதிரி சில சொற்கள் அப்படியே வரும். ஆனால் சுவரில் பெரிய சார்ட் ஒட்டியிருப்போம்: ரிப்பீட் என்றால் இத்தனை தடவை திரும்பச் செய், ஃபாரெவர் என்றால் நிறுத்தாமல் செய்துகொண்டே இரு, இஃப் என்றால் இப்படி இருந்தால் மட்டும் செய். பேச்சு முழுக்கத் தமிழில். ஆங்கிலம் வராது என்பதால் ஒரு பிள்ளை பின்வாங்குகிற மாதிரி எதையும் வைக்காதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம்

ஒரு மேசையில் எலுமிச்சம்பழம், கத்தி, டம்ளர், தண்ணீர், சர்க்கரை, ஸ்பூன். சொல்லித்தருகிறவர்களில் ஒருத்தர் ரோபோ. பிள்ளைகள் கட்டளை கொடுத்து ஜூஸ் போட வைக்க வேண்டும், ரோபோ சொன்னதை மட்டும் செய்யும். "பழத்தைப் பிழி" என்று ஒருத்தன் கத்துவான், ரோபோ முழுப் பழத்தை அப்படியே பிடித்து நசுக்கும். "வெட்டணும்!" என்று பத்துப் பேர் கத்துவார்கள். "தண்ணி ஊத்து" என்றால் ரோபோ ஊற்றிக்கொண்டே இருக்கும், டம்ளர் வழிந்து மேசை நனையும், யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கத்துவார்கள், பத்து நிமிடத்தில் அவர்களே "டம்ளர்ல பாதி வர்ற வரைக்கும் ஊத்து" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அங்கே நிறுத்தி, இப்போது நீ சொன்னது ஒரு நிபந்தனை, அதுவரை நீ சொன்னது வரிசை என்று காட்டுங்கள். கடைசியில் சரியாக வந்த கட்டளைகளை போர்டில் எழுதி வையுங்கள். அதுதான் அவர்களுடைய முதல் புரோகிராம். ஜூஸை எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாமல் செய்கிற விளையாட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிறந்தநாள் அட்டை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் சிஎஸ் அன்பிளக்டு என்று இந்த மாதிரி விளையாட்டுகளைத் தொகுத்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், இதன் அடிப்படை அங்கிருந்து எடுத்தது. ஐந்து அட்டைகள், அவற்றில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அட்டையோடு வரிசையாக நிற்க வேண்டும். அட்டையைக் காட்டினால் ஒன்று, திருப்பி மறைத்தால் பூஜ்ஜியம். கூட்டத்திலிருந்து ஒருத்தர் தன் பிறந்த தேதியை மட்டும் சொல்ல வேண்டும், மாதம் வேண்டாம். 19 என்றால் 16, 2, 1 அட்டைகள் தெரியும், மற்ற இரண்டும் மறையும், 10011. பிள்ளைகள் ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே போவார்கள், எந்தத் தேதி சொன்னாலும் வந்துவிடும், ஏனென்றால் ஐந்து அட்டைகளையும் காட்டினால் சரியாக 31. இதை நீங்கள் சொல்லாதீர்கள். "வராத தேதி ஒன்று கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் தேடுவார்கள். 32 வேண்டுமென்றால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை தானாகவே ஆறாவது அட்டை கேட்கும்போது, கம்ப்யூட்டர் ஏன் பூஜ்ஜியத்தையும் ஒன்றையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணுகிறது என்று நீங்கள் விளக்க வேண்டிய வேலை பாதி முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டரைத் திறந்தபின் முதலில் ஸ்கிராட்ச் திரையில் நிற்கிற பூனையை நடக்க விடுங்கள், பேச விடுங்கள், நிறம் மாற்ற விடுங்கள். இருபது நிமிடம் எதையும் சொல்லிக்கொடுக்காமல் நோண்ட விட்டுவிடுங்கள். நாம் ஒரு மணி நேரம் எடுக்க நினைத்த பாடத்தில் பாதியை அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

கோலம்

இரண்டாம் நாள் முழுக்கக் கோலம்தான், இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். ஸ்கிராட்ச் திரையின் இடது கீழ் மூலையில் இருக்கிற பட்டனை அழுத்தி பென் என்ற கட்டைத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டு, அதில் இருக்கிற பென் டவுன் கட்டையைப் போட்டால் பூனை போகிற வழியெல்லாம் கோடு விழும். முதலில் சதுரம்: 100 அடி நட, 90 டிகிரி திரும்பு, நான்கு தடவை. எல்லோருக்கும் வந்துவிடும். அப்புறம் முக்கோணம் கேளுங்கள். எட்டில் ஏழு ஜோடி மூன்று தடவை, 60 டிகிரி என்று போடும், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்கு மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். திரையில் வருவது முக்கோணம் இல்லை, அறுகோணத்தில் பாதி. இங்கேதான் உங்கள் கை மவுஸுக்குப் போகப் பார்க்கும். போகக் கூடாது.

தரையில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் ஒன்று வரைந்து அந்தப் பிள்ளையை அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும், "இப்போ எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தே, எவ்வளவு திரும்பினே?" என்று கேளுங்கள். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அடுத்த கோட்டின் மேல் பார்க்க வேண்டுமென்றால் 60 போதாது, ரொம்பத் திரும்ப வேண்டியிருக்கிறது, 120 என்று உடம்புக்கே தெரியும். ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்தம் 360, மூன்று மூலை, ஆளுக்கு 120. இதைக் கண்டுபிடித்துவிட்டால் ஐங்கோணம், எண்கோணம் எல்லாம் கேட்காமலே வரும். குழந்தை தானே ஆமையாக நடந்து பார்த்து வடிவியல் கற்றுக்கொள்வது என்பது 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்செய்க் ஆகியோர் உருவாக்கிய லோகோ என்ற மொழியிலிருந்து வருகிற வழி, அதில் சொன்னபடி நகர்ந்து கோடு போடுவது ஒரு ஆமை, ஸ்கிராட்ச்சின் பென் அந்த ஆமையின் வாரிசு.

சதுரம் வந்ததும் அதை ஒரு ரிப்பீட்டுக்குள் போட்டு, ஒரு சதுரம் முடிந்ததும் 10 டிகிரி திரும்பு என்று 36 தடவை ஓட விடுங்கள். திரையில் பெரிய பூக்கோலம் விரியும். ஒரு ரிப்பீட்டுக்குள் இன்னொரு ரிப்பீட் என்பதைப் போர்டில் எழுதி விளக்கினால் கொட்டாவி வரும், கோலத்தில் பார்த்தால் யாரும் கேள்வி கேட்பதே இல்லை, நிறம் மாற்றுவது எப்படி என்றுதான் கேட்பார்கள். வீட்டு வாசலில் கோலம் போடுகிற பெண் பிள்ளைகள் இந்த இடத்தில் முன்னால் வந்துவிடுவார்கள், இத்தனை புள்ளி, இடுக்குப் புள்ளி என்று அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள் என்று அன்றைக்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். "எங்க பாட்டி போடுற கோலமா?" என்று ஒரு வருடம் ஒரு சிறுமி கேட்டாள். ஆமாம், அதேதான்.

மாம்பழம் பிடிக்கிற ஆட்டம்

மூன்றாம் நாள் ஒரு விளையாட்டு. மேலிருந்து மாம்பழம் விழும், கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும், பிடித்தால் ஒரு மதிப்பெண். இதில் இரண்டு தவறு ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, "கூடையைத் தொட்டால் மதிப்பெண் கூட்டு" என்ற இஃப் கட்டையை ஃபாரெவருக்கு வெளியே வைத்துவிடுவார்கள். பழம் கூடையில் விழும், ஒன்றும் ஆகாது. "வீட்ல மாமா வர்றாரான்னு காலைல ஒரே ஒரு தடவை வாசல்ல எட்டிப் பாத்துட்டு உள்ளே போய்ட்டா, மத்தியானம் வர்றவரைப் பாக்க முடியுமா?" என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கணும் என்று அவர்களே சொல்லி, கட்டையை உள்ளே நகர்த்துவார்கள். இரண்டாவது, ஒரு பழத்தைப் பிடித்தாலே மதிப்பெண் சடசடவென்று இருபதுக்கு ஏறிவிடும். பழம் கூடையில் இருக்கிற ஒவ்வொரு நொடித்துளியும் மெஷின் எண்ணிக்கொண்டே இருக்கிறது, பிடித்தவுடன் பழத்தை மேலே அனுப்பிவிட வேண்டும். இதற்கு விடை சொல்லாமல், "பழம் இப்போ எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டு நகர்ந்துவிடுங்கள்.

திணறுகிற பிள்ளைக்கு நாங்கள் வைத்திருக்கிற வழி எளியது. முதலில் கட்டைகளை மேலிருந்து கீழாகச் சத்தமாகப் படி. அப்புறம் பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல். அதற்கப்புறமும் வரவில்லை என்றால் அக்காவைக் கூப்பிடு. படிக்கும்போதே பாதி நேரம் "ஓ!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வருடா வருடம் போகிறேன்.

நான்காம் நாள் அவரவர் விருப்பம். பல்லாங்குழி செய்யட்டும், தாயம் உருட்டட்டும், கபடி செய்யட்டும், நம் யோசனையைத் திணிக்க வேண்டாம். பெரிதாக ஆசைப்படுகிறவர்களிடம் மட்டும், "இதுல இன்னைக்கு பன்னிரண்டு மணிக்குள்ள ஓடுற அளவுக்குச் சின்னத் துண்டு எது?" என்று கேளுங்கள். வேலையைத் துண்டு போடத் தெரிவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

ரோபோ கிட், சென்சார் என்று முதல் வருடமே வாங்கிக் குவிக்காதீர்கள். ஆசையாக இருந்தால் மைக்ரோபிட் என்ற, புரோகிராம் போட்டு ஓட்டுகிற சின்ன மின்னணு போர்டு நல்லது, ஆனால் அதையும் மேக்கோட் என்ற இணையதளத்தில் போர்டு இல்லாமலே திரையில் ஓட்டிப் பார்க்கலாம். இருக்கிற காசில் சுண்டலும் மோரும் வாங்குங்கள், பதினோரு மணிக்குப் பசித்த பிள்ளைக்கு எந்த ரிப்பீட்டும் புரியாது.

ஐந்தாம் நாள் வீட்டிலிருந்து ஆட்களை வரச் சொல்லுங்கள். மேடை, மைக், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். பிள்ளை தன் மெஷின் முன்னால் நிற்க, அம்மாவோ தாத்தாவோ நாற்காலியில் உட்கார்ந்து விளையாடட்டும், எந்தக் கட்டை எதற்கு என்று பிள்ளை சொல்லட்டும். தாத்தா மவுஸைத் தலைகீழாகப் பிடித்தாலும் பிள்ளை பிடுங்கக் கூடாது, அன்றைக்கு அந்த விதி அவர்களுக்கும் பொருந்தும். போட்டோ எடுப்பதானால் முன்னாலேயே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முகம் தெரிகிற படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். பரிசு, முதலிடம் என்று எதுவும் நாங்கள் வைப்பதில்லை, ஒருத்திக்குக் கோப்பை கொடுத்தால் மீதிப் பதினைந்து பேர் தோற்றுப்போய் வீட்டுக்குப் போவார்கள்.

ஐந்து நாளோடு விட்டுவிட்டால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாம் மறந்துபோகும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம், அவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு மெஷின் வேண்டும். எனவே கேம்ப் தொடங்குவதற்கு முன்பே நூலகரிடமோ தலைமை ஆசிரியரிடமோ இதைப் பேசி வாங்கிவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் சாவி கிடைப்பது கஷ்டம். இரண்டு வருடம் ஸ்கிராட்ச்சில் புரண்ட பிள்ளைகளை பைத்தானுக்குக் கூட்டிப்போகலாம். பைத்தானோடு டர்ட்டில், அதாவது அதே ஆமை, என்று ஒரு பகுதி கூடவே வருகிறது, அதில் அதே கோலத்தைத் தட்டச்சு செய்து வரைய வைத்தால் புது மொழி என்ற பயம் வராது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கடைசி நாள் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம், அவர்கள் செய்த கோப்பின் பெயர், அது எந்த மெஷினில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு மாடிக் கதவு திறந்திருக்கும் என்பது மட்டும் அதில் எழுதியிருக்கும்.